மாமனாரோட ரொட்டி டின்ல கெடச்ச சவரக்கத்தி

போன வருஷம் மாமனார் இங்க சிங்கப்பூர் ஈசூன்ல இருந்த அஞ்சு ரூம் வீட்ட வித்துட்டு சின்ன வீட்டுக்கு மாறினாரு, ஸ்டோர் ரூம காலி பண்ற வேலை வழக்கம்போல மருமகன் தலையில. ஓடாத ஃபேன், மூணு ரைஸ் குக்கர், எந்த பூட்டுக்குன்னே தெரியாத சாவிக்கொத்து, எல்லாத்துக்கும் அடியில ஒரு ரொட்டி டின். திறந்தா ஒரு சவரக்கத்தி, ஒரு ஷேவிங் பிரஷ், கத்தி தீட்டற தோல்வார் ஒண்ணு, வத்தல் மாதிரி காஞ்சு சுருண்டு போனது. மாமனாரோட அப்பாவோடதாம். அவரு செம்பவாங்ல இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துல வேலை பார்த்தவரு, 1968ல வெள்ளைக்காரன் அங்க இருந்த கப்பல் பட்டறைய சிங்கப்பூர்கிட்ட குடுத்ததுக்கு அப்புறமும் கொஞ்ச வருஷம் அங்கயே ஓட்டிட்டு ரிட்டயர் ஆனாராம், கடைசி வரைக்கும் இந்தக் கத்தியிலதான் சவரமாம். "எடுத்துக்குங்க மாப்ள, இல்லன்னா குப்பைக்குத்தான் போகும்"னாரு மாமனார். நான் ரெண்டு வருஷமா மடக்குக் கத்தியில ஷேவ் பண்றவன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும், பொண்டாட்டி தலையில அடிச்சுக்கிட்டா, நான் டின்னோட வீட்டுக்கு வந்துட்டேன்.

கத்தி இருந்த நெலமை. அகலம் எட்டுல அஞ்சு பங்கு இன்ச்சு, நல்லா குழிவா அரைச்ச ஜெர்மன் கத்தி. கம்பெனி பேரு தேஞ்சு போச்சு, சோலிங்கன்ங்கற முத்திரை மட்டும் தெரியுது. அந்த ஊர் பேர கண்டவனும் போட்டுக்கக் கூடாதுன்னு ஜெர்மனியில 1938லயே சட்டம் போட்டிருக்காங்க, அதனால பேரு தெரியலன்னாலும் இரும்பு நல்ல இரும்புன்னு ஒரு நம்பிக்கை. கார்பன் ஸ்டீல்தான், ஸ்டெயின்லெஸ் கிடையாது. முதுகுலேருந்து வாய் வரைக்கும், வாய்னா வெட்டற விளிம்பு, செம்மண் பூசின மாதிரி துரு. கைப்பிடி தேன் கலர்ல, வெளிச்சத்துல காட்டினா உள்ள பழுப்பு திட்டு திட்டா தெரியற மாதிரி, பார்க்க ஆமை ஓடு. மாமனாரும் ஆமை ஓடுதான்னு சத்தியம் பண்ணாரு. அந்தக் கைப்பிடிதான் பின்னாடி என்ன மூணு மாசம் பைத்தியமா அடிச்சுச்சு, அத அப்புறம் சொல்றேன்.

எங்க பக்கத்து புளோக்ல ஒரு பெரியவர் இருக்காரு. தேக்கா பக்கம், அதாவது லிட்டில் இந்தியாவுல, ரொம்ப வருஷம் சலூன் வெச்சிருந்தவரு, இப்ப காலையில காப்பிக்கடையில கோப்பி ஓ, அதான் பால் இல்லாத காப்பி, வாங்கி வெச்சுக்கிட்டு பேப்பர் படிப்பாரு. கத்தியவே எடுத்துட்டுப் போய் காட்டலாம்னுதான் ஆசை, ஆனா இந்த ஊர்ல சவரக்கத்திய பாக்கெட்ல போட்டுக்கிட்டு காப்பிக்கடைக்குப் போற அளவுக்கு எனக்கு தைரியம் இல்ல, போட்டோ எடுத்துட்டுப் போனேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திவிட்டுட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. "எங்கப்பா அடப்பத்துல, அதான் சவர சாமான் வெக்கற பையில, இது மாதிரி நாலு கத்தி கெடந்துச்சு தம்பி"ன்னு ஆரம்பிச்சவரு வரிசையா சொல்லிக்கிட்டே போனாரு. சாணை மெஷின் வெச்சிருக்கறவன்கிட்ட குடுத்துடாத, சூடேறி இரும்பு செத்துடும். தேங்காண்ண தடவி வை. ஒரு நாள் சவரம் பண்ணா ரெண்டு நாள் கத்திக்கு லீவு குடு. பொட்டியில பூட்டி வெக்காத, காத்தாட வை. பிரஷையும் அதே மாதிரி காத்தாட வை, குஞ்சம் கீழ பார்த்து தொங்கணும். நான் எல்லாத்துக்கும் சரிங்கய்யா சரிங்கய்யான்னு தலைய ஆட்டிட்டு, வீட்டுக்கு வந்து அந்தக் காத்தாட சமாச்சாரத்த மட்டும் தூக்கி ஓரமா போட்டேன். சிங்கப்பூர்ல வருஷம் பூரா சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல, இந்தக் காத்துல இரும்ப ஆறப்போட்டா துரு பிடிக்காம பூவா பூக்கும்னு எனக்கு ஒரு மேதாவித்தனம்.

துரு எடுத்த கதைய சுருக்கமா சொல்லிடறேன். முதல்ல வாய்ல மாஸ்கிங் டேப் ஒட்டினேன், ஏன்னா மழுங்கின சவரக்கத்தி கூட விரல திறந்துடும். டபிள்யூடி-40 அடிச்சு ஒரு ராத்திரி ஊறவிட்டு, நாலு சைபர்னு சொல்ற ரொம்ப நைசான ஸ்டீல் வுல்ல தேச்சதுல மேலாக்க இருந்த சிவப்பு எல்லாம் போயிடுச்சு. அப்புறம் தண்ணியில நனைக்கிற உப்புத்தாள் 600, 1000, 2000னு வரிசையா, நம்பர் ஏற ஏற நைசு, கல்லுலயும் அதே கணக்குதான். ஒரு மரக்கட்டை மேல கத்திய படுக்கவெச்சு நீளவாக்குல மட்டும் தேய்க்கணும், முதுகுலேருந்து வாய்ப்பக்கமா இழுத்தா ஒரு நாள் இல்ல ஒரு நாள் கை வழுக்கிக்கிட்டு வாய்ல போய் நிக்கும். கடைசியா ஆட்டோசால் பாலிஷ். சிவப்பு துருதான் உயிரோட இருக்கற துரு, அத விடக்கூடாது. கறுப்பா கறை மாதிரி இருக்கறத விட்டுட்டேன், அது அப்படியே இருந்தா ஒண்ணும் பண்ணாது, அதையும் எடுத்து கண்ணாடி மாதிரி ஆக்கணும்னு போனா முத்திரையும் சேர்ந்து போயிடும். ட்ரில் மெஷின்ல பாலிஷ் வீல் மாட்டி அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருக்கலாம், ஆனா மெலிசான வாய்ப்பக்கம் கண்ண மூடி திறக்கறதுக்குள்ள சூடாகி டெம்பர், அதாவது இரும்போட கடினம், போயிடும், பெரியவர் சொன்ன 'இரும்பு செத்துடும்' அதுதான்.

தீட்டறதுக்கு என்கிட்ட கிங் 1000/6000 ரெட்டைக் கல்லும் நானிவா 12000மும் இருக்கு. சமையல் கத்தி தீட்டறப்போ கோணத்த நம்ம கைதான் பிடிச்சுக்கணும், சவரக்கத்தியில அந்தத் தொல்லை இல்ல, முதுகும் வாயும் ரெண்டும் கல்லுல படற மாதிரி படுக்கவெச்சா போதும், கோணத்த முதுகே பார்த்துக்கும். முதுகு தேயாம இருக்க கரண்ட் டேப் ஒரு சுத்து ஒட்டிக்கிட்டேன். அதுக்கு முன்னாடி கல்ல சமன் பண்ணணும், பென்சில்ல கட்டம் போட்டு கண்ணாடி மேல உப்புத்தாள் வெச்சு அந்தக் கோடெல்லாம் அழியற வரைக்கும் தேய்க்கறது, இத விட்டுட்டு ஆரம்பிச்சா மத்த உழைப்பெல்லாம் வீண். வாய்ல மார்க்கர் பூசிட்டு கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்தா எங்க மை போகலையோ அங்க கல்லு படலன்னு அர்த்தம். என் கத்தியில நடுவுல மை போச்சு, முனையில அப்படியே இருந்துச்சு, கத்தி லேசா வளைவு. அதனால நேரா இழுக்காம குறுக்கால சாய்ச்சு, அடிப்பக்கத்துலேருந்து முனைப்பக்கமா உருட்டற மாதிரி இழுக்கணும். முனையில வாய ஒட்டி ஒரு கறுப்புப் புள்ளி வேற, துரு தின்ன குழி, அது தீர்ற வரைக்கும் 1000லேயே ரெண்டு சாயங்காலம் போச்சு. அவசரப்பட்டு 6000க்கு தாவினா குழியோட விளிம்பு ஷேவ் பண்றப்போ கன்னத்துல ரம்பம் மாதிரி வரும், முதல் கத்தியில பட்ட அனுபவம். 12000ல கத்தியோட வெயிட்டு மட்டும்தான் கல்லு மேல, என் கை வெயிட்டு இல்ல. முடிச்சுட்டு முழங்கை முடிக்கு மேலாக்க, தோலத் தொடாம ஓட்டினா முடி தானா துள்ளி விழுந்துச்சு, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

அப்புறம்தான் என் மேதாவித்தனம். தையல் மெஷின் எண்ண ஒரு சொட்டு தடவி, காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் நாலு பாக்கெட் போட்டு, என் பழைய கத்தியையும் துணைக்கு வெச்சு, மூடி பீரோக்குள்ள வெச்சேன். மூணு வாரத்துல துரு. துடைச்சேன், பாலிஷ் போட்டேன், எண்ணய கூட்டினேன். மறுபடி மூணு வாரத்துல துரு. ஷேவ் பண்ணிட்டு சரியா துடைக்கலயோன்னு என் மேலேயே சந்தேகம், கைப்பிடி இடுக்குல டிஷ்யூ பேப்பர் விட்டு இழுத்து, ஹேர்டிரையர் காட்டி, பொண்டாட்டி "எனக்கு கூட இவ்ளோ பண்ணதில்ல"ன்னா. மூணாவது தடவ திறந்தப்போ பக்கத்துல படுத்திருந்த என் பழைய கத்தியிலயும் பொரி பொரியா துரு, ரெண்டு வருஷமா ஒரு புள்ளி கூட வராத கத்தி அது.

அப்பதான் உட்கார்ந்து நிதானமா பார்த்தேன். தாத்தா கத்தியில துரு எல்லா இடத்துலயும் இல்ல, மடக்கினா கைப்பிடிக்குள்ள போற பாகத்துல மட்டும்தான், வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற வால்ல ஒண்ணுமே இல்ல. ஈரக்காத்துதான் காரணம்னா வாலுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? கைப்பிடியில இருந்த பித்தளை ஆணியச் சுத்தி பச்சைக் களிம்பு பூத்திருந்துச்சு. டப்பாவ மூக்குகிட்ட கொண்டு போனா கற்பூர வாசனை, கூடவே வினிகர் மாதிரி ஒரு காரம். ஆமை ஓடுல கற்பூரம் எப்படி மணக்கும்?

அது ஆமை ஓடே இல்ல, செல்லுலாய்டு. பஞ்சுல நைட்ரிக் ஆசிட் சேர்த்து செய்யற நைட்ரோசெல்லுலோசையும் கற்பூரத்தையும் கலந்து செஞ்ச ஆதிகால பிளாஸ்டிக், அமெரிக்காவுல ஹயாட்னு ஒருத்தரு யானைத் தந்தத்துல செய்யற பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாத்து தேடப்போய் 1870 வாக்குல கொண்டு வந்தது. பழைய சினிமா பிலிம் சுருள் இதுதான், பிங்பாங் பந்து கூட 2014 வரைக்கும் இதுதான், பத்த வெச்சா பட்டாசு மாதிரி எரியும். இது வயசாக ஆக தானா சிதைய ஆரம்பிச்சு நைட்ரஜன் ஆக்சைடு வாயுவ விடும், அது காத்துல இருக்கற ஈரத்தோட சேர்ந்தா ஆசிட். கைப்பிடிக்குள்ள மடங்கிக் கெடந்த கத்தி அந்த ஆசிட் புகையிலதான் நாள் பூரா குளிச்சிருக்கு. வெள்ளையா தந்தம் மாதிரி இருக்கற செல்லுலாய்டு ஓரளவு தப்பிச்சுடும், அதுல கலர் வர்றதுக்காகப் போட்ட ஜிங்க் ஆக்சைடு ஆசிட்ட உறிஞ்சிக்கும். இந்த மாதிரி ஆமை ஓடு கணக்கா ஒளி ஊடுருவற வகைதான் முதல்ல கெட்டுப்போறது. நான் என்ன பண்ணேன்? காத்தே புகாத டப்பாவுல போட்டு, வெளிய போக வேண்டிய புகைய உள்ளயே பிடிச்சு வெச்சு, என் நல்ல கத்திக்கும் சேர்த்து ஊட்டி விட்டிருக்கேன். சிலிக்கா ஜெல் ஈரத்த இழுத்தா போதுமா, புகைய என்ன பண்ணும்.

பெரியவர்கிட்ட போய் சொன்னேன். செல்லுலாய்டும் தெரியல நைட்ரஜனும் தெரியல அவருக்கு, "எங்கப்பா சொல்வாரு, பூட்டி வெச்சா கத்தி புழுங்கும்னு"ன்னு சொல்லிட்டு பேப்பர திருப்பிக்கிட்டாரு.

சரி, கைப்பிடி மாத்தணும். ஆணித் தலைய ஒரு பக்கம் சின்ன அரத்தால ராவிட்டா வாஷர் கழண்டு விழுந்துடும், மெல்லிசா ஒரு கம்பிய வெச்சு தட்டினா ஆணி பின்பக்கமா வந்துடும். மெஷின் எதுவும் கிட்ட கொண்டு போகல, செல்லுலாய்டு தூள்ல ஒரு பொறி பட்டா போச்சு. கழட்டிப் பார்த்தா உள்பக்கம் மயிரிழை மயிரிழையா வெடிச்சு, பிசுபிசுன்னு வேர்த்துப் போய் கெடந்துச்சு. கத்திய பேக்கிங் சோடா கரைச்ச தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு ஆசிட்ட அடக்கி, கழுவி, உடனே துடைச்சு எண்ண போட்டேன்.

புதுக் கைப்பிடிக்கு மரம் காசு குடுத்து வாங்கல. எங்க புளோக் கீழ பழைய சாமான் போடற எடத்துல யாரோ ஒரு பழைய தேக்கு அலமாரிய ஒடச்சுப் போட்டிருந்தாங்க, டிராயர் பலகை ஒண்ண கூச்சப்படாம தூக்கிட்டு வந்தேன். தேக்குலயே எண்ண இருக்கறதால ஈரத்துக்கு அவ்வளவா ஆடாது. 3 மில்லி கனத்துக்கு ரெண்டு பட்டை, ரெண்டையும் ரெட்டைப் பக்க டேப்ல ஒட்டி ஒண்ணா அறுத்து ஒண்ணா ராவினா ரெண்டும் ஒரே மாதிரி வரும், அச்சுக்கு பழைய கைப்பிடிதான். அடி முனையில ரெண்டு பட்டைக்கும் நடுவுல ஒரு ஆப்பு வரணும், பழைய கத்தியில அது ஈயம், நான் கறுப்பு அக்ரிலிக் துண்ட சீவி வெச்சேன். பார்க்க ஒண்ணுமில்லாத சின்னத் துண்டு, ஆனா அந்த ஆப்பு கனம் தப்பா போனா மடக்கறப்போ கத்தி நடுவுல விழாம ஒரு பக்கமா போய் மரத்துல இடிக்கும், தீட்டின வாய் அங்கயே காலி. ஆறு தடவ சீவினேன். தேக்குல எண்ணப் பசை இருக்கறதால ஒட்டறதுக்கு முன்னாடி அசிட்டோன்ல துடைக்கணும், இல்லன்னா எபாக்சி பசை பிடிக்காம ரெண்டு நாள்ல கையோட வந்துடும்.

ஆணிக்கு ஹாபி கடையில பொம்மை ரயில் பண்றவங்க வாங்கற 1.6 மில்லி பித்தளைக் கம்பி, பதினாறுல ஒரு இன்ச்சு கணக்கு. துண்டு வெட்டி ரெண்டு பக்கமும் வாஷருக்கு மேல ஒரு மில்லி நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி விட்டு, சின்ன சுத்தியல்ல தட்டித் தட்டி காளான் குடை மாதிரி விரிக்கணும். இங்கதான் முதல் ஜோடி போச்சு. பத்து அடியில முடிச்சுடலாம்னு ஓங்கி நாலு போட்டேன், தேக்கு ஓட்டையிலேருந்து நுனி வரைக்கும் நேரா பொளந்துக்கிச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வேற, கீழ் வீட்டு ஆன்ட்டி மறுநாள் லிஃப்ட்ல பார்த்த பார்வையில எனக்கு சுத்தியல எங்க ஒளிக்கறதுன்னு தெரியல. ரெண்டாவது ஜோடிக்கு ஒரு துண்ட மடிச்சு கீழ போட்டு, அது மேல சின்ன இரும்புக் கட்டைய வெச்சு, கொசு அடிக்கற மாதிரி இருநூறு தட்டு, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி. மடக்கி திறந்தா லேசா பிடிப்பு இருக்கணும், தானா விழக்கூடாது, அவ்வளவுதான். கடைசியா மரத்துக்குப் பூசற டங் ஆயில் மூணு கோட்டு.

இப்ப அந்த பிரஷ். கைப்பிடி நல்ல கனமா, க்ரீம் கலர்ல அழகா இருந்துச்சு, முடி மட்டும் தொட்டா கொத்துக் கொத்தா வந்துச்சு. கழுவி கிழுவி யூஸ் பண்ணலாமான்னு முதல்ல யோசிச்சேன், அப்புறம் வேண்டாம்னு விட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. முதல் உலகப் போர் சமயத்துல பேட்ஜர்ங்கற பிராணியோட முடி கெடைக்காம சரியா சுத்தம் பண்ணாத குதிரை முடியில பிரஷ் பண்ணி வித்து, 1915லேருந்து 1924 வரைக்கும் அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் 200 பேருக்கு மேல ஆந்த்ராக்ஸ்ங்கற ஆளக் கொல்ற நோய் வந்திருக்கு, ஷேவ் பண்றப்போ பட்ட சின்ன வெட்டு வழியா. தாத்தா பிரஷ் அவ்வளவு பழசு இருக்காது, இருந்தாலும் என்ன முடி எந்த வருஷம்னு சொல்ல ஆள் இல்லாத பிரஷ்ஷ மூஞ்சியில தேய்க்க மனசு வரல. குஞ்சத்த அடியோட வெட்டிட்டு, மிச்சமிருந்த பழைய பிசின கையால ஓட்டற ட்ரில்ல சுரண்டி எடுத்து, 22 மில்லி புது பன்றி முடிக் குஞ்சம் எபாக்சி போட்டு உட்கார வெச்சேன். வெளிய 50 மில்லி தெரியற மாதிரி. ஒட்டறதுக்கு முன்னாடி சும்மா வெச்சுப் பார்த்து அடியில காசு மாதிரி வட்டு போட்டு உயரத்த சரி பண்ணிக்கணும், ஒட்டினப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

பன்றி முடின்னா முதல் வாரம் நாத்தம் வரத்தான் செய்யும், ஷாம்பு போட்டு நுரைச்சு ஒரு ராத்திரி அப்படியே விட்டு அலசணும், மூணு நாலு தடவ. பேட்ஜர நனைச்ச உடனே ஓட்டலாம், பன்றி முடி தண்ணிய குடிச்சாதான் மெதுவாகும், அதனால நான் குளிக்கப் போறதுக்கு முன்னாடியே மக்ல வெதுவெதுப்பான தண்ணியில போட்டுடுவேன். கொதிக்கற தண்ணி கூடாது, பிசின் விட்டுடும். ஒரு மாசம் ஓட்டினா முடி நுனி ரெண்டா பிளந்து பஞ்சு மாதிரி ஆகும், புதுசுல குத்துதேன்னு தூக்கிப் போடறவங்க அந்த சுகத்த பார்க்காமயே போறாங்க. கன்னத்துல வெச்சு அமுக்கி குத்தக்கூடாது, பெயிண்ட் அடிக்கற மாதிரி போகணும், அமுக்கி அமுக்கி ஓட்டினா நடுவுல முடி ஒடஞ்சு சொட்டை விழும்.

காய வைக்கறதுல ஒரு சோதனை பண்ணேன். எனக்கு முன்னாடி இருந்த பிரஷ் பூசணம் பிடிச்சுதான் செத்துச்சு, கல்யாணத்துக்கு பினாங்கு போனப்போ ஈரத்தோட பாத்ரூம் கேபினெட்ல வெச்சு சாத்திட்டுப் போயிட்டேன், திரும்பி வந்தா பச்சையா கம்பளி போர்த்திக்கிட்டு இருந்துச்சு. அதனால பெரியவர் சொன்ன தொங்கவிடற விஷயம் நெசமான்னு பார்க்க, ஒரே மாதிரி ரெண்டு பிரஷ்ஷ நனைச்சு, உதறி, துண்டுல துடைச்சு, ஒண்ண தொங்கவிட்டு ஒண்ண நிக்கவெச்சு காலையில சமையல் தராசுல போட்டுப் பார்த்தேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. நல்லா உதறினா எப்படி வெச்சாலும் ஒண்ணுதான். ஆனா ஒண்ண பாத்ரூம்லயும் ஒண்ண துணி காயற ஜன்னல் பக்கத்துலயும் வெச்சப்போ பாத்ரூம் பிரஷ் மறுநாளும் நசநசன்னு இருந்துச்சு. எங்க வீட்டு பாத்ரூம்ல ஜன்னல் சின்னது, மூணு பேர் வரிசையா சுடுதண்ணியில குளிக்கறாங்க, அங்க எது காயும்? இப்ப பிரஷ் வீட்டுப் பின்னாடி துணி காயப்போடற மூங்கில் கம்பு சொருகற எடத்துக்குப் பக்கத்துல ஆணியில தொங்குது, மழை அடிச்சா உள்ள எடுக்கணும்.

பழைய தோல்வாருக்கு அந்தக் காலத்து வைத்தியம் ஒண்ணு பெரியவர் சொன்னாரு, ஷேவிங் சோப்பு நுரைய கையால அதுல தேச்சு தேச்சு ஊறவிடுன்னு. தோலு லேசா உயிர் வந்து மெதுவானது உண்மைதான், ஆனா சுருண்ட எடத்துல விழுந்த வெடிப்பு போகல, வெடிப்பு மேல கத்தி ஓட்டினா வாய் போச்சு, அத சுவத்துல அழகுக்கு மாட்டிட்டு என் பழைய வாருலயே தீட்டறேன். முதல்ல துணிப் பக்கம் 20, அப்புறம் தோல் 50, முதுகு முன்னாடி போகணும், கல்லுல போறதுக்கு நேர் எதிர். திருப்பறப்போ முதுகு தோல விட்டு எழும்பவே கூடாது, வாய்ப்பக்கமா உருட்டினா தோலும் போச்சு வாயும் போச்சு. அந்த வார்ல இருக்கற பிறை மாதிரி வெட்டு எல்லாம் என் முதல் மாசத்துச் சாதனை. வாரு தொய்யாம இழுத்துப் பிடிக்கறதும் முக்கியம், தொய்ஞ்சா வாய் உருண்டுடும்.

ரெண்டு நாள் லீவு விஷயம். அந்தக் காலத்துல ஞாயிறு திங்கள்னு கிழமை பேரு பொறிச்ச ஏழு கத்தி ஒரே பொட்டியில வித்திருக்காங்க, அதனால பெரியவர் மட்டும் சொல்றது இல்ல. கத்தி ஓய்வெடுத்தா கூர் தானா வளருங்கற கதைய நான் நம்பல. 2020ல அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டிகாரங்க சயன்ஸ் பத்திரிகையில எழுதினாங்க, முடி இரும்ப விட சுமார் 50 மடங்கு மிருது, அப்படி இருந்தும் முடி வளைஞ்சு கொடுத்து ஒரு பக்கமா அழுத்தறப்போ, இரும்புக்குள்ள கடினமான துளியும் மிருதுவான துளியும் சேர்ற எடத்துல வாய் சில்லு சில்லா ஒடையுதுன்னு. ஒடஞ்ச சில்லு லீவு விட்டா திரும்பி வருமா? ஆனா ரெண்டு நாள் விட்டா கத்தி முழுசா காயும், ஆணி இடுக்குல நிக்கற தண்ணி கூட போயிடும், அதனால நானும் இப்ப ரெண்டு கத்திய மாத்தி மாத்திதான் ஓட்டறேன். தேங்காண்ணய மட்டும் ஒத்துக்க மாட்டேன், மாசக்கணக்குல நின்னா காறிப்போய் ஆணிகிட்ட பிசினா பிடிச்சுக்குது, தையல் மெஷின் எண்ணதான்.

முதல் ஷேவ் பத்தி. தாடிய சுடுதண்ணித் துண்டு போட்டு ரெண்டு மூணு நிமிஷம் ஊறவிட்டு, நுரை போட்டு, 30 டிகிரிக்கு, அதாவது கத்தி முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவுல முதுகு கனத்துல ஒரு ரெண்டு மடங்கு இடைவெளி விட்டு, இன்னொரு கையால தோல இழுத்துப் பிடிச்சு முடி போற திசையிலயே இறக்கினேன். இழுத்துப் பிடிக்கற கை ஈரமா இருந்தா வழுக்கும், அந்தக் கைக்கு படிகாரக்கல்ல ஒரு தடவு தடவிக்கிட்டா ஒட்டிக்கும், இதுவும் பெரியவர் சொன்னதுதான், இது நூத்துக்கு நூறு சரி. கன்னம் வெண்ணெய் மாதிரி போச்சு. மோவாய் வளைவுல கத்திய பக்கவாட்டுல லேசா நகர்த்திட்டேன், ஒரு கோடு, நல்ல சிவப்புல. அதுக்கும் படிகாரம்தான், எரிச்சல்ல ரெண்டு முழுப் பாட்டு பாடினேன். புதுசா ஆரம்பிக்கறவங்க முதல் வாரம் கன்னம் மட்டும் பண்ணிட்டு மிச்சத்துக்கு சாதா ரேசர் எடுத்துக்குங்க, மோவாயும் மேல் உதடும் அப்புறம் பார்த்துக்கலாம்.

கைப்பிடி மாத்தி இப்ப அஞ்சு மாசம், டப்பா இல்ல, ஹால்ல ஃபேன் காத்து வர்ற அலமாரியில திறந்த தட்டுல கெடக்கு, ஒரு புள்ளி துரு இல்ல. பெரியவர ஒரு நாள் வீட்டுக்கு கூட்டிட்டு வந்து காட்டினேன். கட்டவிரல்ல குறுக்கால தடவிப் பார்த்துட்டு, யாரையும் கேக்காம உள்ளங்கையில சரக் சரக்னு நாலு தீட்டு தீட்டினாரு, என் பொண்டாட்டி கண்ண மூடிக்கிட்டா. "கத்தி பேசுது தம்பி, ஆணிதான் கொஞ்சம் லூசு"ன்னாரு. லூசுதான், இன்னொரு அம்பது தட்டு தட்டணும், கீழ் வீட்டு ஆன்ட்டி வெளிய போற நேரமா பார்த்து.

அந்தப் பழைய செல்லுலாய்டு கைப்பிடிய தூக்கிப் போட நெனச்சேன், மாமனார் வேணும்னுட்டாரு. அப்பா கை பட்டது அதுதானே மாப்ள, கத்தியா பட்டுச்சுன்னு கேட்டாரு, அதுவும் நியாயம்தான். காகித உறையில போட்டு, இரும்பு எதுக்கும் பக்கத்துல வெக்காதீங்க, டின்ல போடாதீங்க, காத்தாட வைங்க மாமான்னு மூணு தடவ சொல்லி குடுத்தேன். போன வெள்ளிக்கிழமை அவரு வீட்டுக்குப் போனா ஒரே கற்பூர வாசனை. எங்க வெச்சிருக்கீங்க மாமான்னு கேட்டா பெருமையா சாமி மாடத்த காட்டறாரு, முருகன் படத்துக்கு முன்னாடி, எரியற விளக்குக்கு ஒரு ஜாண் தள்ளி. ஒண்ணும் சொல்லாம முதல்ல விளக்கத்தான் நகர்த்தினேன்.